தீயும் நீர்த்தேக்கமும்: உயிரணுவின் ஆற்றலை விளக்கிய உவமைகள்



உவமை கவிஞனுக்கு மட்டுமே உரிய கருவி எனக் கொள்வது பெருவழக்கு. ஆனால் கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை விளக்க முற்படும்போது அறிவியலாளனும் உவமையையே நாடுகிறான். கவிஞனின் உவமை பொருந்தாவிடில் ஒரு பாட்டு கெடும். அறிவியலாளனின் உவமை பொருந்தாவிடில் பலருடைய பல்லாண்டு உழைப்பு திசைமாறிப் போகும். உடலின் உயிரணுக்கள் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறுவது எவ்வாறு என்னும் வினாவின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அவ்வரலாறு தீ என்னும் உவமையில் தொடங்கி, நீர்த்தேக்கம் என்னும் உவமையில் வந்து நிற்கிறது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். உவமையைத் தொழிலாகக் கொண்டோர் நிறைந்த இவ்வவையில் அக்கதை சொல்லத்தக்கதாகும்.

பசியைத் தீயாகக் காண்பது தமிழுக்குப் புதிதன்று. பசித்தீ என்னும் தொடர் இன்றும் வழக்கில் உள்ளது. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகையைப் பற்றிய தீராப் பசிக்கு யானைத்தீ என்பதே பெயர். வடமொழி மருத்துவ மரபும் செரிக்கும் ஆற்றலை அக்கினி என்றே குறித்தது. உண்ட உணவு உள்ளே எரிகிறது, அந்த எரிதலே உடலின் வெம்மை என்பது மிகப் பழைய உள்ளுணர்வு. அந்த உள்ளுணர்வை முதன்முதலாகத் தராசில் வைத்து நிறுத்தவர் பிரான்சு நாட்டு வேதியியலறிஞர் லவாசியே ஆவார்.

1780-களின் தொடக்கத்தில் அவரும் கணித மேதை லாப்லாசும் சேர்ந்து ஒரு கலத்தை அமைத்தனர். உள்ளறையைச் சுற்றிலும் பனிக்கட்டி நிரப்பப்பட்டிருந்தது. உள்ளே ஒரு கினிப்பன்றியை வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்று அளந்தனர். அது வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்தனர். அதே அளவு கரியமில வாயு உண்டாகும்படி கரியை எரித்தபோது உருகிய பனிக்கட்டியோடு அதனை ஒப்பிட்டனர். இரு அளவுகளும் நெருங்கி வந்தன. சுவாசம் என்பது மெதுவாக நிகழும் ஓர் எரிதலே என்ற முடிவு பிறந்தது. உவமையாக இருந்தது உண்மையாகிவிட்டது போல் தோன்றியது. 1794-இல் புரட்சியின் கொலைக்கருவிக்கு லவாசியே இரையானார். அவர் விட்டுச் சென்ற உவமை மட்டும் நிலைத்து நின்றது.

அவருடைய கணக்கு இன்றளவும் பிழையற்றது. 180 கிராம் குளுக்கோசை அடுப்பில் இட்டு முற்ற எரித்தாலும், உடலில் செலுத்தி முற்றச் சிதைத்தாலும் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 686 கிலோகலோரிதான். தொடக்கமும் முடிவும் ஒன்றாயிருக்கும்போது இடைவழி எதுவாயினும் மொத்தம் மாறுவதில்லை. ஆயின் எரியும் இடம் எது என்பதில் லவாசியேயின் கருத்து நிலைக்கவில்லை. அவர் நுரையீரலே அடுப்பு என்று எண்ணினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தோர், குருதியில் ஆக்சிஜன் ஏறிச் செல்வதையும் உடலின் திசுக்களிலேயே அது செலவாவதையும் கண்டனர். அவ்வாறாயின் அடுப்பு ஒன்றன்று. ஒவ்வோர் உயிரணுவும் ஓர் அடுப்பு. இங்குதான் முதல் ஐயம் எழுகிறது. 37 பாகை வெம்மையில், நீர் நிறைந்த ஒரு நுண்ணறையில், சர்க்கரை எவ்வாறு எரியும்? எரிந்தால் அந்த அறை எவ்வாறு கருகாமல் இருக்கும்?

விடையின் முதற்பகுதி 1897-இல் கிடைத்தது. செருமானியரான எட்வர்டு புக்னர் ஈஸ்ட் அணுக்களை மணலோடு அரைத்துப் பிழிந்து சாறெடுத்தார். சாறு கெடாதிருக்கச் சர்க்கரை சேர்த்து வைக்கப்பட்டது. அது நுரைத்துக் குமிழியிட்டது. உயிருள்ள அணு ஒன்றுகூட இல்லாத வெறுஞ்சாற்றில் நொதித்தல் நிகழ்ந்துவிட்டது. உயிருக்கென்று தனியே ஒரு மாய விசை வேண்டியதில்லை, சாற்றில் கரைந்துள்ள நொதிகளே அவ்வேலையைச் செய்கின்றன என்பது தெளிவாயிற்று. புக்னர் 1907-இல் நோபல் பரிசு பெற்றார். முதல் உலகப் போரில் களம் சென்று 1917-இல் உயிர் துறந்தார்.

அந்த நொதிகளின் வேலையை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்தறிய நாற்பது ஆண்டுகள் ஆயின. ஆறு கரியணுக்கள் கொண்ட குளுக்கோஸ் பத்துப் படிகளில் மாற்றம் பெற்று, மும்மூன்று கரியணுக்கள் கொண்ட இரண்டு பைருவிக் அமில மூலக்கூறுகளாகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. அடுப்பில் ஒரே பாய்ச்சலில் நிகழ்வது இங்குப் படியிறங்கி நிகழ்கிறது. மலையுச்சியிலிருந்து வீழும் கல் அடிவாரத்தை அதிரவைக்கும். அதே கல்லைப் படிப்படியாக இறக்கினால், ஒவ்வொரு படியிலும் ஒரு வேலையை வாங்கிக்கொள்ளலாம். உயிரணு கருகாமல் இருப்பதன் முதற்காரணம் இதுவே.

இந்தப் பத்துப் படிகளுக்கு ஆக்சிஜன் வேண்டுவதில்லை. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் பனஞ்சாறு கள்ளாவது இவ்வழியாலேதான். ஈஸ்ட் பைருவிக் அமிலத்தைச் சாராயமும் கரியமில வாயுவுமாக மாற்றிவிடுகிறது. பால் தயிராகும்போது நுண்ணுயிர்கள் அதனை லாக்டிக் அமிலமாக்குகின்றன. விரைந்தோடும் ஒருவனின் தசையிலும் அதே அமிலம் உண்டாகிறது. மனிதக் குருதியின் சிவப்பணுவோ தன் வாழ்நாள் முழுதும் இவ்வொரு வழியையே நம்பி வாழ்கிறது. உடலெங்கும் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது அதுதான். ஆனால் அச்சுமையிலிருந்து ஒரு துளியையும் அது தன் ஆற்றலுக்கு எடுத்துக்கொள்வதில்லை. அதற்கு வேண்டிய உறுப்பே அதனிடம் இல்லை.

இவ்வழி எம்டன், மெயர்ஹாஃப், பர்னாஸ் என்னும் மூவர் பெயரால் வழங்குகிறது. எம்டன் 1933-இல் மறைந்தார். மெயர்ஹாஃப் யூதர் என்பதால் 1938-இல் செருமனியை விட்டு வெளியேறிப் பாரிசை அடைந்தார். 1940-இல் அங்கிருந்தும் தப்பி அமெரிக்கா சென்றார். பர்னாஸ் 1949-இல் மாஸ்கோவில் சிறையில் இறந்தார். பாடநூலில் ஒரு வரியாக வரும் மூன்று பெயர்களுக்குப் பின்னே இருபதாம் நூற்றாண்டின் துயரம் இருக்கிறது.

படியிறக்கத்தில் கிடைக்கும் வேலையை உயிரணு எதில் சேர்த்து வைக்கிறது? 1929-இல் மெயர்ஹாஃபின் ஆய்வகத்தில் பணியாற்றிய லோமன், தசையில் ஒரு பொருளைக் கண்டார். பாஸ்பேட்டுகள் மூன்று கோத்த அப்பொருள் அடினோசின் டிரைபாஸ்பேட் ஆகும். சுருக்கமாக ஏ.டி.பி. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லப்பிரகட சுப்பாராவும் தனியே அதனைக் கண்டறிந்து வெளியிட்டனர். சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். பாஸ்பரசை அளக்க அவ்விருவரும் 1925-இல் வகுத்த முறை, ஆய்வகங்கள் பலவற்றில் நெடுங்காலம் பயன்பட்டது. அவருக்கு ஹார்வர்டில் நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940-இல் மருந்து நிறுவனம் ஒன்றின் ஆய்வுத்துறைக்குச் சென்றார். 1948-இல் மறைந்தார். இந்திய அரசு அவருடைய நூற்றாண்டில், 1995-இல், அஞ்சல்தலை வெளியிட்டது. ஏ.டி.பி. என்னும் மூன்றெழுத்தை உச்சரிக்கும் தமிழ் மாணவர் பலருக்கு, அதனைக் கண்டவருள் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பது தெரியாது.

ஏ.டி.பி.யை உயிரணுவின் நாணயம் என்பது வழக்கு. கடைசிப் பாஸ்பேட்டைக் கழற்றும்போது கிடைக்கும் ஆற்றலால் தசை சுருங்குகிறது. நரம்பு செய்தி அனுப்புகிறது. புரதம் கட்டப்படுகிறது. கழன்றதை மீண்டும் பூட்டுவதற்கே சர்க்கரை சிதைகிறது. முன்கூறிய பத்துப் படிகளில், முதலில் இரண்டு ஏ.டி.பி. செலவாகிறது. பின்னர் நான்கு வரவாகிறது. மிஞ்சுவது இரண்டு. முதல் போட்டே வாணிகம் தொடங்க வேண்டும் என்னும் விதி உயிரணுவுக்கும் உண்டு போலும். இந்த நாணயத்தைப் பெட்டியில் பூட்டிவைக்கவும் இயலாது. ஓர் உடலில் ஒரு நேரத்தில் இருப்பது கால் கிலோவைத் தாண்டாது. ஆயின் ஒரு நாள் முழுதும் ஆக்கியும் அழித்தும் ஆனதைக் கூட்டினால் அவ்வுடலின் எடைக்கு ஒப்பாகும். ஒரே மூலக்கூறு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை கழன்று பூட்டப்படுகிறது. செல்வம் என்பது இருப்பில் இல்லை, சுழற்சியில்தான் உள்ளது.

பைருவிக் அமிலத்தின் பின்கதையைச் சொன்னவர் ஹான்ஸ் கிரெப்ஸ். அவரும் யூதராகப் பிறந்த குற்றத்துக்காக 1933-இல் செருமானியப் பல்கலைக்கழகப் பணியை இழந்து இங்கிலாந்து வந்தவர். ஷெஃபீல்டில், புறாவின் மார்புத்தசையை அரைத்து ஆய்ந்து, 1937-இல் ஒரு சுழற்சியைக் கண்டார். பைருவிக் அமிலத்திலிருந்து வரும் இரு கரியணுக் கூறு ஒரு நான்கு கரியணு அமிலத்தோடு இணைந்து சிட்ரிக் அமிலமாகிறது. எலுமிச்சையில் புளிப்பது அதே அமிலம். பின்னர்ப் பல மாற்றங்களுற்று, இரண்டு கரியணுக்கள் கரியமில வாயுவாக நீங்க, பழைய நான்கு கரியணு அமிலமே மீண்டும் தோன்றி அடுத்த வரவுக்குக் காத்திருக்கிறது. இக்கட்டுரையை நேச்சர் இதழ் இடமின்மை காட்டித் திருப்பியனுப்பிற்று. வேறோர் இதழில் அது வெளியாயிற்று. 1953-இல் கிரெப்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. திரும்பிவரும் படைப்புகளைக் கண்டு மனம் சோரும் இளங்கவிஞர்கள் இதனை நினைவிற்கொள்ளலாம்.

இவ்விடத்தில் தீ உவமையில் பெரிய விரிசல் ஒன்று காணப்படுகிறது. கரி எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் நேரே கரியோடு சேர்ந்து கரியமில வாயுவாகும். உயிரணுவில் அவ்வாறு நிகழ்வதில்லை. வெளிவிடும் கரியமில வாயுவிலுள்ள ஆக்சிஜன் உணவிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தது. மூச்சால் உள்ளிழுத்த ஆக்சிஜன் கரியைத் தொடுவதே இல்லை. சர்க்கரையிலிருந்து பறிக்கப்பட்ட எலக்ட்ரான்கள் ஒரு தொடர்வழியில் கைமாறிக் கைமாறி வந்து, கடைசியில் அந்த ஆக்சிஜனை அடைகின்றன. அங்கே அது ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராகிறது. உயிரின் அடுப்பில் இழுத்த மூச்சு நீராய் முடிகிறது. சயனைடு என்னும் நஞ்சு தாக்குவது இந்தக் கடைசி நிலையத்தையே. குருதி நிறைய ஆக்சிஜன் இருந்தும், அதை ஏற்கும் கை முடங்கிவிடுவதால் உயிர் போகிறது.

இனிக் கணக்கு. ஒரு குளுக்கோசின் முதற்பத்துப் படிகளில் இரண்டு ஏ.டி.பி. கிடைக்கிறது. கிரெப்ஸ் சுழற்சியில் நேரே கிடைப்பது அதற்கு இணையான இரண்டு. ஆக நான்கு. ஆனால் முழுச் சிதைவில் கிடைப்பது, பழைய பாடநூல்களின்படி 36 அல்லது 38. இன்றைய அளவீட்டின்படி ஏறத்தாழ 30 முதல் 32. எஞ்சிய பெரும்பகுதி, மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்பில், எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை நோக்கி இறங்கும் வழியில் உண்டாகிறது. எவ்வாறு உண்டாகிறது என்பதே 1940-களின் பிற்பகுதி முதல் உலகின் தலைசிறந்த ஆய்வகங்களை வாட்டிய வினா.

பத்துப் படிகளில் கண்ட முறையே இங்கும் இருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். அங்கே ஆற்றல் செறிந்த ஒரு பொருள் நின்று, பாஸ்பேட்டைக் கையோடு கையாகத் தந்தது. இங்கும் அத்தகைய இடைப்பொருள் ஒன்று ஒளிந்திருக்க வேண்டும். கையிலிருந்து கைக்கு மாறும் காசு என்பதே அவர்கள் மனத்திலிருந்த படிமம். அந்தப் பொருளைத் தேடி ஆண்டுகள் பல கழிந்தன. கண்டுவிட்டோம் என்ற அறிவிப்புகள் வந்தன, பின்னர் மறைந்தன. பொருள் அகப்படவில்லை. இன்னொரு புதிரும் இருந்தது. மைட்டோகாண்டிரியாவின் சவ்வு கிழிந்தால் ஏ.டி.பி. உண்டாவது நின்றுவிடும். கைமாற்றுக்குக் கைகள் போதும், சுவர் எதற்கு?

சுவரே விடை என்றார் பீட்டர் மிட்செல் என்னும் ஆங்கிலேயர். 1961-இல் அவர் சொன்னது இது: எலக்ட்ரான்கள் படியிறங்கும்போது கிடைக்கும் ஆற்றல், புரோட்டான்களைச் சவ்வின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு இறைக்கிறது. மறுபுறத்தில் அவை தேங்குகின்றன. தேங்கியவை திரும்பி வரத் துடிக்கின்றன. வரும் வழியில் ஒரு மதகு இருக்கிறது. அதன் வழியே பாயும் ஓட்டமே ஏ.டி.பி.யை ஆக்குகிறது. ஒளிந்திருக்கும் இடைப்பொருள் என்று ஒன்று இல்லவே இல்லை. அணைக்கட்டு, தேக்கம், மதகு. ஏரி வெட்டி வேளாண்மை செய்த எந்தச் சிற்றூர் உழவனுக்கும் இந்தப் படிமம் எளிதில் விளங்கும். பேரறிஞர்களுக்கோ அது பல்லாண்டு விளங்கவில்லை.

ஏளனமும் எதிர்ப்பும் எழுந்தன. உடல்நலம் குன்றிய மிட்செல் எடின்பரோவில் வகித்த பதவியை விட்டு விலகினார். கார்ன்வாலில் பாழ்பட்டுக் கிடந்த ஒரு பழைய மாளிகையைப் புதுப்பித்து, அங்கேயே சிறியதோர் ஆய்வகம் அமைத்தார். ஜெனிஃபர் மாயில் என்னும் அறிஞர் உடனிருந்து ஆய்வுகளை நடத்தினார். சான்றுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1974-இல் ராக்கரும் ஸ்டாக்கனியசும் ஒரு செயற்கைச் சவ்வுக் குமிழியை எடுத்தனர். உப்புநீரில் வாழும் நுண்ணுயிரின் ஒளிபட்டால் புரோட்டானை இறைக்கும் புரதம் ஒன்றையும், மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த ஏ.டி.பி. ஆக்கும் நொதியையும் அதில் பதித்தனர். ஒளி காட்டியதும் ஏ.டி.பி. உண்டாயிற்று. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரு புரதங்கள், இடையே புரோட்டான் தேக்கம் மட்டும். அதன்பின் ஐயத்துக்கு இடம் குறைந்தது. 1978-இல் மிட்செல் நோபல் பரிசு பெற்றார்.

மதகில் இருந்தது வெறும் துளையன்று, ஒரு சக்கரம் என்பது பின்னர்த் தெரிந்தது. அந்த நொதி சுழல்கிறது என்று பால் பாயர் முன்னரே கூறியிருந்தார். ஜான் வாக்கரின் குழு 1994-இல் அதன் வடிவைக் காட்டிற்று. 1997-இல் ஜப்பானிய அறிஞர்கள் ஒளிரும் இழையொன்றை அதன் அச்சில் ஒட்டி, அது சுழல்வதை நுண்நோக்கியில் கண்ணாலேயே கண்டனர். பாயரும் வாக்கரும் அவ்வாண்டே நோபல் பரிசில் பங்கு பெற்றனர். மாட்டு இதயத்தின் சக்கரத்தில் எட்டுப் புரோட்டான்கள் நுழைந்தால் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. நொடிக்கு நூறு சுற்றுக்கு மேலும் அது சுழல வல்லது. தேக்கத்தின் அழுத்தமும் சிறிதன்று. சவ்வின் இருபுறத்துக்கும் இடையே உள்ள மின்னழுத்தம் 0.15 வோல்ட் அளவே. ஆனால் சவ்வின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் கணக்கில் அது 3 கோடி வோல்ட்டுக்கு நிகராகும்.

இந்த உவமை பொருந்துகிறதா என்பது ஆய்வறைக்குள் முடிந்துவிடும் வழக்கன்று. மனித உயிர்களும் இதற்குச் சான்று பகர்ந்துள்ளன. டைநைட்ரோபீனால் என்பது மஞ்சள் நிறமுள்ள ஒரு பொருள். முதல் உலகப் போரில் பிரான்சின் வெடிமருந்துச் சாலைகளில் அதனைக் கையாண்ட தொழிலாளர் சிலர் காய்ச்சல் போன்ற கடும் வெம்மையேறி இறந்தனர். 1933 முதல் அமெரிக்காவில் அதுவே உடல் மெலிவிக்கும் மருந்தாக விற்கப்பட்டது. உடல் மெலிந்தது உண்மை. சிலருக்குக் கண் பார்வை போயிற்று. சிலர் உடல் கொதித்து இறந்தனர். 1938-இல் அது தடுக்கப்பட்டது. ஆயினும் இன்றும் கள்ளத்தனமாக விற்கப்பட்டு உயிர் குடித்து வருகிறது. காரணம் மிட்செலின் படிமத்தில் உள்ளது. அப்பொருள் புரோட்டான்களைச் சுமந்து சவ்வைக் கடந்துவிடும். அணையில் உடைப்பு. நீர் மதகுக்கு வராமல் வீணே பாய்கிறது. சர்க்கரையும் கொழுப்பும் முன்னிலும் வேகமாகச் சிதைகின்றன, ஆனால் சக்கரம் சுழல்வதில்லை. ஆற்றல் முழுதும் வெப்பமாகிறது.

அதே உடைப்பை இயற்கையும் அளவறிந்து செய்கிறது. பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கி வெப்பமுண்டாக்கும் திறன் போதாது. அதன் தோள்களுக்கிடையிலும் கழுத்திலும் பழுப்புநிறக் கொழுப்பு உண்டு. அங்குள்ள மைட்டோகாண்டிரியாவில் ஒரு புரதம் சவ்வில் சிறு வழி திறந்து புரோட்டான்களைக் கசியவிடுகிறது. வேலை இல்லை, வெம்மை மட்டும். தாயின் அணைப்புக்கு உள்ளிருந்து துணைபுரியும் வெம்மை அது. கொல்வதும் காப்பதும் ஒரே வழியால்தான். வேறுபாடு அளவிலும் அடக்கத்திலும் இருக்கிறது.

அவ்வாறாயின் தீ உவமை பொய்யா? பொய்யென்று தள்ளுவதற்கில்லை. எவ்வளவு ஆற்றல் என்னும் கணக்குக்குத் தீயே சரியான உவமை. லவாசியே நிறுத்த நிறை மாறவில்லை. சர்க்கரையின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஏ.டி.பி.யில் சேர்கிறது என்பது பொதுக்கணக்கு. மற்றது வெப்பமாகிறது. உடலைத் தொட்டால் உணரப்படும் கதகதப்பு அதுவே. எவ்வாறு ஆற்றல் கைக்கு வருகிறது என்னும் வினாவுக்குத்தான் தீ உதவாது. அங்கே தேக்கமும் மதகும் சக்கரமும் வேண்டும். ஓர் உவமை எந்த அளவுக்குப் பொருந்தும், எந்த இடத்தில் உடைந்துவிடும் என்று அறிந்து ஆள்பவனே அதன் உடைமையாளன். அறியாதவனை அவ்வுவமை ஆட்கொண்டுவிடுகிறது. இடைப்பொருளைத் தேடி அலைந்தோர் அறிவில் குறைந்தவரல்லர். பழகிய படிமம் ஒன்று அவர்கள் கண்ணை மறைத்து நின்றது.

பத்தாண்டுகளாகக் கவிதைகளைப் படித்தும் பகுத்தும் வந்துள்ள ஓர் இலக்கிய வட்டத்துக்கு இது அயலான செய்தியாகாது. விளக்கு அணைந்தது என்று இறப்பைப் பாடுவது மரபு. உயிரணுவின் நிலையை நோக்கினால் மதகு வறண்டது, சக்கரம் நின்றது என்பதும் அதே அளவுக்கு உண்மை. சவ்வின் இருபுறமும் சமமாகிவிடுவதே உயிரணுவுக்கு இறப்பு. ஏற்றத்தாழ்வு இருக்கும் வரையில்தான் ஓட்டம், ஓட்டம் இருக்கும் வரையில்தான் உயிர். அந்த ஏற்றத்தாழ்வை நொடிதோறும் மீண்டும் உண்டாக்குவதற்காகவே ஒவ்வொரு பிடி சோறும் ஒவ்வொரு மூச்சும் செலவாகின்றன. இப்படிமத்தைத் தமிழ்க் கவிதை இன்னும் முழுமையாக எடுத்தாளவில்லை. எடுத்தாள்வதற்குரிய சொற்களான ஏரி, மடை, மதகு, கலிங்கு, ஏற்றம் யாவும் தமிழில் முன்பே உள்ளன.